ஒரு சொல்லும் சத்தம் வராத கட்டிலும்

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போன ஆள் நான். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை ஒரே ஒரு மாணவியின் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு என் கோபத்தையே கொஞ்சம் கரைத்துவிட்டது. சொல், 'அவுட்வெய்'. மாணவி, என் மனைவி. வகுப்பறை, அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகும் காலை பஸ்.

2004-இல் தொடங்கியது இந்தக் கூத்து. அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் பெரம்பலூரில். அவள் நர்சாக இருந்த தனியார் ஆஸ்பத்திரியும் அங்கேதான். பாப்பா அப்போதுதான் எல்.கே.ஜி. என் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த நர்சரியில் சேர்த்திருந்தோம். மனைவிக்குக் காலை டூட்டி இருக்கும் வாரங்களில் மூன்று பேரும் ஒரே பஸ். ஒரு மணி நேரப் பயணம். முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி மாட்டிக்கொண்டால் இன்னும் கூட. அந்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்று நான் பாடம் நடத்துவேன்.

எதற்குப் பாடம் என்றால், அவளுக்கு அயர்லாந்து போக வேண்டும். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுதியாக வேண்டும். அதில் ஒரு கட்டுரை வரும். ஏதாவது ஒரு விஷயத்தைக் கொடுத்து, இதன் நன்மைகள் தீமைகளை அவுட்வெய் செய்கின்றனவா என்று கேட்பான். விஷயம் மாறும், அந்தச் சொல் மட்டும் மாறாது. நான் வாங்கி வந்த வழிகாட்டிப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் உட்கார்ந்திருந்தது.

சொல்லுக்கு அர்த்தம் சொல்வது பெரிய வித்தை இல்லை. இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுதான் முக்கியம், மற்றது இதற்கு அப்புறம்தான் என்று தீர்ப்புச் சொல்கிற வினைச்சொல். ஜெயிப்பது முன்னால் வரும், தோற்பது பின்னால் போகும். எண்ணிக்கையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஒன்பது அற்பக் காரணங்களை ஒரே ஒரு பெரிய காரணம் அவுட்வெய் செய்துவிடும். சத்தத்தைப் பற்றியும் கவலை இல்லை. எவன் ஓங்கிப் பேசுகிறான் என்பது கணக்கில் வராது. மனிதர்களை இதில் வைக்கக்கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தேன். காரணத்தைக் காரணத்தோடு வை, ஆபத்தைப் பலனோடு வை, ஆளை ஆளோடு வைக்காதே.

பஸ்ஸிலேயே உதாரணமும் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், சிமெண்ட் தூசியும் வரும். தூசி வந்தால் வரட்டும் என்று நீ திறந்து வைத்தால், காற்று தூசியை அவுட்வெய் செய்கிறது. புரிந்ததா என்றேன். அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் கண்ணாடியைப் பாதி வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"பாதி தொறந்து வைப்போங்க."

அவளுடைய இங்கிலீஷ் கட்டுரைகளும் அதே மாதிரிதான் இருந்தன. செல்போனின் நன்மைகள் ஒரு பத்தி, அழகாக இருக்கும். தீமைகள் ஒரு பத்தி, அதுவும் அழகாக இருக்கும். முடிவுரையில் வந்து, இரண்டையும் நாம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று கும்பிடு போட்டு முடித்துவிடுவாள். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் மேடை போட்டு விடிய விடிய பட்டிமன்றம் நடக்கும். குடும்பத்தில் பெரிதும் கஷ்டப்படுவது கணவனா மனைவியா என்று இரண்டு கட்சியும் தொண்டை கிழியக் கத்தும். கடைசியில் நடுவர் எழுந்து, இருவரும் இரு கண்கள் என்று சொல்லிவிட்டு சால்வையை வாங்கிக்கொண்டு கார் ஏறிவிடுவார். அதைக் கேட்டு வளர்ந்த வாய் இது, இதில் எங்கிருந்து தீர்ப்பு வரும் என்று நான் பல்லைக் கடிப்பேன்.

அவளை மட்டும் சொல்லி என்ன. அந்த நாட்களில் அரசாங்கமே எங்கள் ஊரைத் தனி மாவட்டம் ஆக்கும், வேண்டாம் என்று பெரம்பலூரோடு சேர்க்கும், மறுபடியும் பிரிக்கப் போவதாகப் பேச்சு வரும். போர்டு எழுதுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

அவளுக்கு அயர்லாந்து ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் ஒரு காரணம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நர்சிங் படிக்கும்போதே அவளுடைய டீச்சர் ஒருவர் ஒரு படம் காட்டியிருக்கிறார். ஒரு நோயாளி, பக்கத்தில் ஒரு நர்ஸ், அவ்வளவுதான் படத்தில். அயர்லாந்தில் தீவிர சிகிச்சை வார்டில் ஒரு ஆளுக்கு ஒரு நர்ஸ் என்று டீச்சர் சொன்னாராம். இவளுக்கோ படித்து முடித்ததிலிருந்து ஒரு முழு வார்டும், துணைக்கு ஒரு பயிற்சி நர்சும். பிரமோஷன் வேண்டாம், பேர் வேண்டாம், ஒரு தடவையாவது அப்படி ஒரு வார்டில் ஒரே ஒரு ஆளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பாள். கல்யாணத்துக்கு முன்பே இதை என்னிடம் சொல்லியிருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண் இப்படிப் பேசியதில்தான் நான் விழுந்தேன். பிறகு அதைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது.

முதல் தடவை சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதினாள். பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கட்டுரையில் மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. என்ன முடிவுரை எழுதினாய் என்று கேட்டேன். இரண்டும் முக்கியம் என்று எழுதினாளாம். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன்.

ஏன் இவள் இப்படி இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது ஆஸ்பத்திரியில்தான். ஒரு சனிக்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு லீவு, கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். வார்டில் நுழைந்ததுமே ஒரே ரகளை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒருவர் ஊரே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் அவரைவிடக் கத்தினார்கள். நர்ஸ் எங்கே, நர்ஸ் எங்கே என்று ஒருவர் என் சட்டையையே பிடித்துவிட்டார். என் மனைவி அவர்களைத் தாண்டி நேராக மூலைக் கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒரு அம்மா சும்மா படுத்திருந்தார்கள். முனகல் கூட இல்லை. தூங்குகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இவள் அந்த அம்மாவின் விரல் நகம் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தாள், அடுத்த நொடி ஆக்சிஜனை இழுத்து மாட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அந்த அம்மா கண்ணைத் திறந்து இவள் கையைப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் நான் டப்பாவோடு வாசலிலேயே நின்றேன்.

டூட்டி முடியும் வரைக்கும் காத்திருந்து அவளோடு திரும்பினேன். பஸ்ஸில் அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "கத்துறவருக்கு மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தங்க. சத்தம் வராத கட்டிலத்தான் மொதல்ல பாக்கணும்."

நான் விடுவேனா. இதைத்தானே தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன், அந்த அம்மாவின் மூச்சு கத்தினவரின் உடைந்த காலை அவுட்வெய் செய்தது, இதையே கட்டுரையில் எழுதித் தொலைக்கவேண்டியதுதானே என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காலும் அவருக்கு முக்கியம்தான், அது குறைவு என்று நான் எப்படிச் சொல்வேன், எது பெரிது என்று நான் பார்க்கவே இல்லை, எது காத்திருக்காது என்று மட்டும்தான் பார்த்தேன் என்றாள். மழுப்பல் என்று நான் சொன்னேன். மழுப்பல் இல்லை என்று அவள் சொன்னாள். பெரம்பலூரில் ஆரம்பித்த சண்டை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வரைக்கும் ஓடியது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், மூன்றாவது தடவை அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

இரண்டாவது தடவை பரீட்சைக்குப் பணம் கட்டிய செய்தி என் மாமனாருக்குப் போனது. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொல்லை வைத்திருப்பவர். மாமியார் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பெண் ஒன்றே ஒன்று. அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டார். கொல்லையில் காவலுக்கு நின்று கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பக்கத்துக் காம்பவுண்டு வரைக்கும் கேட்கும். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எவனோ வெள்ளைக்காரனுக்கு மருந்து கொடுக்க கடல் தாண்டிப் போகவேண்டுமா, இங்கே நோயாளிக்குப் பஞ்சமா என்று ஆரம்பித்தார். என்னையும் விடவில்லை. பெண்டாட்டிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வழியனுப்பி வைக்கிற ஒரே ஆம்பிளை நீங்கதான் மாப்ள என்றார். பதிலுக்கு நானும் கத்தினேன். பாப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது.

கடைசியில் குலதெய்வம் கோயிலில் பூப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு, பாப்பாவை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். எனக்கு உள்ளுக்குள் அது பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. தீர்ப்பைச் சாமி தலையில் கட்டிவிடலாம் அல்லவா. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. பூவைக் கேட்டு ஒரு நாளும் ஊசி போட்டதில்லை அப்பா, இதுக்கு மட்டும் கேட்டால் சாமி சிரிக்கும் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பஸ் வகுப்பு தொடர்ந்தது. வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக முடித்துக்கொண்டு வந்தோம். அதில் ஒரு தலைப்பை மட்டும் நான் தாண்டிவிட்டேன். வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வெளிநாடு போவதன் நன்மைகள் தீமைகளை அவுட்வெய் செய்கின்றனவா என்பது அது. இரண்டு நாள் கழித்து, நல்ல கூட்டமான பஸ்ஸில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். இதை ஏன் தாண்டினீர்கள், இதற்கு ஒரு மாதிரிக் கட்டுரை சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றாள்.

நான் வாத்தியார். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. நன்மைகளைச் சொன்னேன், கடகடவென்று வந்தன. தொழிலில் தேர்ச்சி, பிள்ளைக்கு நல்ல படிப்பு, நெடுநாள் ஆசை நிறைவேறுவது. தீமைகளையும் சொன்னேன், அவையும் வந்தன. பிள்ளை ஏங்கிப்போகும், பெரியவர்கள் தனியாகிவிடுவார்கள். முடிவுரைக்கு வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சிவப்பு மண் மேட்டில் ஒரு கருவேல மரம், அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம், இதையெல்லாம் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். பாப்பாவுக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தோம். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற பிடி. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நான் கையை இழுத்தேன், விடவில்லை.

"ஏங்க, ரெண்டு வாரமா நீங்க யாரையுமே திட்டல. கல்லு லாரி வழி விடல, அதுக்கும் சும்மா இருந்தீங்க. நேத்து ரசத்துல உப்பே இல்ல, குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. எங்க அப்பா கத்துறாரு, பாப்பா அழுவுது, அவங்கள நான் அப்புறம் பாத்துக்குவேன். உங்களுக்கு என்ன செய்யுது, அதச் சொல்லுங்க."

மனைவிக்கு முன்னால் கண் கலங்குகிற வழக்கம் எனக்கில்லை. அன்று கலங்கியது. நீ போனால் எனக்கு ஆகாது என்றேன். அவ்வளவுதான் வந்தது. இங்கிலீஷ் வாத்தியார், நன்மை தீமை எல்லாம் பத்தி பத்தியாகப் பேசத் தெரிந்தவன், கடைசியில் அந்த ஒரு வரிதான் சொன்னேன்.

அவள் கையை விடவில்லை. எனக்கும் அப்படித்தான் என்றாள். ஆனாலும் போகவேண்டும் போல இருக்கிறது என்றாள். இதைக் கேட்காமல் போயிருந்தால் அங்கே போய் எனக்கு வேலையே ஓடியிருக்காது, இப்போது போகலாம் என்றாள். பஸ் வந்தது. ஏறினோம். கண்டக்டர் சில்லறை இல்லை என்று முறைத்தார், நான் அவரை ஒரு பிடி பிடித்தேன். பக்கத்தில் இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது தடவை பரீட்சையில் தேறிவிட்டாள். என்ன தலைப்பு வந்தது என்று கேட்டேன், ஏதோ நகரத்தில் மரம் நடுவதைப் பற்றி என்றாள். முடிவுரை என்ன என்று கேட்டேன். நன்மைகள் தீமைகளை அவுட்வெய் செய்கின்றன, போதுமா என்றாள். எனக்குப் பெருமை ஒரு பக்கம், பிரியப் போகிற பயம் ஒரு பக்கம். முழுசாக ஒரு பக்கம் மட்டும் உணர எனக்கும் தெரியவில்லை.

2006-இல் விசா வந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் அவள் எங்களுக்கு ஓவர் கொடுத்தாள். நர்சுகள் டூட்டி முடிந்து போகும்போது, அடுத்து வருகிற நர்சிடம் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள், அதற்குப் பேர் ஓவர் கொடுப்பது. கத்திக் கத்தி ஓய்ந்துபோன மாமனார் முந்திரிக்கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். எங்கள் இருவரையும் சமையல்கட்டில் நிற்கவைத்துச் சொன்னாள். காஸ் சிலிண்டர், பால்காரர், பாப்பாவின் சளி மருந்து, எனக்கு ஒத்துக்கொள்ளாத புளி, மாமனாருக்கு வேண்டாத வெற்றிலை. கடைசியாகப் பாப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"இவ அழுதா பயப்படாதீங்க. அழாம இருந்தாத்தான் பயப்படணும்."

அவள் போன முதல் வாரம் பாப்பா அழுத அழுகையில் தெருவே திரண்டது. ஓவரில் சொன்னபடி நான் பயப்படாமல் இருந்தேன். மாமனார்தான் ஆடிப்போனார். ஆனால் அந்த மனிதர் செய்ததை நான் மறக்கமாட்டேன். மாட்டுக் கயிறு முறுக்கத் தெரிந்த கை அது, பேத்திக்குச் சடை போடக் கற்றுக்கொண்டது. இழுத்த இழுப்பில் பாப்பாவுக்குக் கண் இரண்டும் மேலே போய்விடும். சாயங்காலம் ஓடி ஆடி வீடு திரும்பினாலும் சடை மட்டும் ஒரு மயிர் பிரியாமல் நிற்கும். வகுப்பு டீச்சர் யார் பின்னியது என்று கேட்டார்களாம். தாத்தா என்று இது சொன்னதும் நம்பவில்லையாம். அவர் அதைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் பூரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய போன் வரும். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். வந்ததும் குறைப்பாட்டு ஆரம்பமாகிவிடும். குளிர் எலும்புக்குள் போகிறது. உருளைக்கிழங்கைத் தவிர இந்த ஊரில் வேறு காயே கிடையாதா. சூரியனை இவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கூடத் தங்கியிருக்கிற பெண் மீனைத் தாளிக்கத் தெரியாமல் வேகவைக்கிறாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எந்த நாட்டு இங்கிலீஷ். இந்தக் கடைசிக் குறைக்கு நான் பதிலுக்கு எகிறுவேன். மாமனார் பக்கத்தில் நின்று, பாவம், சும்மா இருங்க மாப்ள என்பார். அவளுக்கும் எனக்கும் தெரியும், திட்டு வரும் வரைக்கும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நன்றாக இருக்கிறார்கள் என்று.

வார்டைப் பற்றி மட்டும் குறை சொல்லமாட்டாள். அவள் ஆசைப்பட்ட படம் அப்படியே இருந்ததாம். ஒரு ஆள், பக்கத்தில் இவள். முதல் மாதம் அதைச் சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருந்தது. இவளை அனுப்பினோமே என்று அன்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

ஒரு குளிர்காலம் போய், 2007 பிறந்தது. எப்போது என்று சரியாகச் சொல்லமுடியவில்லை, குறைப்பாட்டு மெல்ல மெல்ல நின்றுபோனது. குளிர் எப்படி என்றால், பரவாயில்லை. சாப்பாடு எப்படி என்றால், நல்லா இருக்கு. கூட இருக்கிற பெண் எப்படி என்றால், நல்ல பொண்ணுதான். பாப்பாவிடம் பேசுவாள், அப்பாவிடம் பேசுவாள், எல்லோரிடமும் நல்லா இருக்கேன் என்பாள். போன் சீக்கிரம் முடிந்துவிடும். மாமனார் குளிர்ந்துபோனார். பொண்ணு அந்த ஊருக்குப் பழகிடுச்சு மாப்ள, இனிமே கவலை இல்ல என்று எதிர் வீட்டுக்கு, கடைக்கு எல்லாம் போய்ச் சொன்னார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன்.

அப்போது நாங்கள் போட்டுவைத்திருந்த திட்டங்கள் எல்லாம் அவள் அங்கே இருப்பதை வைத்துத்தான். ஒப்பந்தம் இன்னும் பாக்கி இருந்தது. நானும் பாப்பாவும் பின்னால் போவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தோம், அது இழுத்துக்கொண்டே போனது. பாப்பா அங்கே போய்ப் படிக்கப் போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தது. நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், அவள் அங்கே இருப்பதன் நன்மைகள் தீமைகளை அவுட்வெய் செய்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு முடித்திருப்பேன். எந்தப் பரீட்சையிலும் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மாமனார் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வலிக்குது தாத்தா, வலிக்குது தாத்தா என்று அது உயிர் போகிற மாதிரி கத்தியது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நேற்று ராத்திரி என்ன சமையல் என்று கேட்டேன். உருளைக்கிழங்கு என்றாள். எப்படி இருந்தது என்றேன். நல்லா இருந்துச்சு என்றாள். வேறென்ன என்றேன். ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன் என்றாள். அதற்குப் பிறகு போனில் ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பக்கம் பாப்பா கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடுவது கூடக் கேட்கவில்லை.

எனக்கு அந்த மூலைக் கட்டில் ஞாபகம் வந்தது. தூங்குகிறார்கள் என்று நான் நினைத்தேனே, அந்த அம்மா.

ஒப்பந்தம், விண்ணப்பம், படிப்பு, ஊரில் சொல்லிவைத்த பெருமை, எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே முக்கியமாகத்தான் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அவை எல்லாம் காத்திருக்கும்.

"வந்துடும்மா," என்றேன். "போதும். கெளம்பி வந்துடு."

பிறகு ஒரு கேவல். அப்புறம் அணை உடைந்த மாதிரி அழுதாள். என் மனைவி அப்படி அழுது நான் கேட்டதே இல்லை, பிரசவத்தில்கூட. அழுகைக்கு நடுவிலேயே எல்லாம் வந்தது. அவள் பார்த்துக்கொண்ட ஒருவர் தைமாதம் இறந்துபோனது, ஒரே ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் போகும்போது நம்மிடம் ஒன்றுமே மிச்சம் இருக்காது என்பது, அந்த அறையை விட்டு வெளியே வந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாதது, எல்லோரும் நான் நல்லா இருக்கேன்னு நம்பிட்டீங்களே என்பது. குளிர். இருட்டு. அந்தப் பாழாய்ப்போன உருளைக்கிழங்கு. டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். போடு, இன்றைக்கே போடு என்றேன். அதற்கும் அழுதாள்.

மாமனார் சடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். போனிலிருந்து சத்தம் அவருக்கே கேட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் மாப்ள, எம் பொண்ணு இப்புடி அழுவுது?"

"அழுவட்டும் மாமா," என்றேன். எனக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "மூச்சு நல்லா இருக்கு."